விமர்சனத் தகுதி எண்

இளவரசி வடிவமைக்கும் புரதம் எதுவானாலும் முதல் தடவையிலேயே ஒழுங்காக மடிந்துகொள்ளும். என்னுடையது தோசைக்கல்லில் ஊற்றிய முட்டை வெண்கருபோலத் திரிந்துபோகும். முப்பது வருடத்துக் கதையை இந்த இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். மீதியெல்லாம் என் வயிற்றெரிச்சல். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நாங்கள் இருவரும் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியலில் ஒரே வகுப்பு. மதிய வேளையில் அவள் டிபன் பாக்ஸில் இருக்கும் உருளைக்கிழங்கு வறுவலில் பாதி எனக்கு, என் எலுமிச்சை சாதத்தில் பாதி அவளுக்கு. பிறகு தரமணியில் இந்த ஆய்வகத்தில் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். உடம்பில் இயற்கையாக இருக்கும் புரதங்களை எடுத்து, அங்கே இங்கே மாற்றி, இன்னும் நன்றாக வேலை செய்யும் மருந்தாக ஆக்குவதுதான் எங்கள் தொழில். அவளுடைய புரதங்களால் நான்கு நோய்களுக்கு மருந்து கிடைத்தது. என் கணக்கில் வெற்றி பெற்றது ஒன்றே ஒன்று: நாய்களின் தோல் அரிப்புக்கான மருந்து. நாய்கள் நன்றி உள்ளவைதான். ஆனால் எந்தப் பரிசுக் குழுவிலும் அவற்றை உறுப்பினராகப் போடுவதில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் இயக்குநர் ஞானதுரை என்னை அறைக்குக் கூப்பிட்டார். அதற்கு முந்தைய வருடம் எங்கள் மருந்து ஒன்று எல்லாச் சோதனையும் தாண்டி வெளியே போய், ஒன்பது பேரின் சிறுநீரகத்தைப் பழுதாக்கியிருந்தது. மனிதர் அதற்குப் பிறகு பாதியாக இளைத்திருந்தார்.

"நல்லவங்களாப் பாத்துத்தான்யா இத்தனை நாளா பரிசோதிக்கக் குடுத்தோம்," என்றார். "நல்லவங்க என்ன சொல்லுவாங்க? நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க."

இயந்திரத்திடம் கொடுக்கலாமே என்று கேட்டேன்.

"மருந்தை வரையறதே இயந்திரம்தான். அதை இன்னொரு இயந்திரத்துக்கிட்ட காட்டுறது எப்படித் தெரியுமா? ஒரே டியூஷன்ல படிச்ச ரெண்டு பேரு பேப்பரை மாத்தித் திருத்துற மாதிரி. ரெண்டும் ஒரே இடத்துல தப்புப் பண்ணும், அந்தத் தப்புக்கு ரெண்டும் முழு மார்க் போடும். எனக்கு வேண்டியது வேற. இது விளங்காமப் போகணும்னு மனசார ஆசைப்படுற ஒரு ஆளு."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

அப்படித்தான் 'எதிராளி' என்ற பதவி வந்தது. மறுமாதமே ஆய்வகக் கதவில் ஒரு கண்ணாடித் தகடு பொருத்தினார்கள். காலையில் அதில் கட்டைவிரலை வைக்க வேண்டும். திரையில் சக விஞ்ஞானிகளின் முகங்களும் அவர்களுடைய அண்மைச் சாதனைகளும் வரிசையாக வந்துபோகும். யாருடைய முகத்துக்கு நம் விரல் வியர்க்கிறது, நாடி எவ்வளவு துள்ளுகிறது என்று தகடு கணக்கெடுக்கும். நூற்றுக்கு எத்தனை என்று கடைசியில் ஓர் எண் வரும். அலுவலக மொழியில் அதன் பெயர் விமர்சனத் தகுதி எண். கேன்டீன் மொழியில் பொறாமை மார்க். ஒருவர் ஒரு மருந்தை வடிவமைத்து முடித்ததும், அவர்மேல் யாருக்கு மார்க் அதிகமோ அவரே அந்த மருந்துக்கு எதிராளி.

இளவரசியின் முகத்துக்கு என் மார்க் தொண்ணூற்றிரண்டு. ஆய்வகத்தில் எனக்கு அடுத்து இருந்தவருக்கு முப்பத்தெட்டு. வாழ்க்கையில் நான் முதலிடம் பிடித்த ஒரே தேர்வு.

எதிராளிக்குத் தொண்ணூறு நாள் அவகாசம். மருந்தை வடிவமைத்தவரிடம் பேசக் கூடாது. எதிராளி யார் என்று வெளியே சொல்லக் கூடாது. எதிராளியின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. முடிவில் மூன்றில் ஒரு தீர்ப்பு எழுத வேண்டும். 'நிற்கும்' என்றால் மருந்து மனிதர்களுக்குப் போகும். 'நிற்காது' என்றால் முதலிலிருந்து ஆரம்பம், குறைந்தது இரண்டு வருடம் போய்விடும். மூன்றாவது, 'திருத்தினால் நிற்கும்'. அதற்கு எதிராளியே திருத்தத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும், அது வடிவமைத்தவருக்கே சொந்தமாகிவிடும். ஏழு வருடத்தில் அந்த மூன்றாவதை ஒருவரும் தொட்டதில்லை. பொறாமைக்காரனாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டு அவனிடம் தானம் கேட்டால் எப்படி?

இளவரசியின் நான்கு மருந்துகளுக்கு நான் எதிராளி. நான்கிலும் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு 'நிற்கும்' என்று எழுதினேன். அப்படி எழுதிய நாளில் நான் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே என் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிடும். அன்றைக்கு ரசத்தில் மிளகு கூட இருக்கும்.

இளவரசியும் இந்த ஏழு வருடத்தில் மாறிப்போயிருந்தாள். மதியம் தன் அறையிலேயே சாப்பிட்டாள். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மாடித் தோட்டத்துக்கு நீர் விடுபவர் வரை எல்லாரையும் அழைத்தாள், என்னைத் தவிர. கட்டுரை வந்தால் அதன் பிரதியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள், ஒரு வார்த்தை பேசாமல். புதுக் கார் வாங்கி என் ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள். பெயரிலேயே அரசியை வைத்துக்கொண்டவளுக்குப் பழைய வறுவல் பங்காளி எப்படி நினைவிருப்பான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நாளுக்கு நாலு முறை.

அவளுடைய ஐந்தாவது மருந்தின் எண் நாற்பத்தொன்று. ரத்தத்தை உறையவைக்கும் புரதம். பிறவியிலேயே அது இல்லாதவர்களுக்கு வாரம் இரண்டு ஊசி போடுகிறார்கள். நாற்பத்தொன்றை மாதம் ஒரு முறை போட்டால் போதும். அதைவிட முக்கியமான செய்தி, பழைய ஊசிகளை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிட்ட நோயாளிகளுக்கும் அது பலிக்கும்.

அப்படிப்பட்ட நோயாளி ஒருவர் எங்கள் ஆய்வகத்துக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நிஜாமுதீன், வயது நாற்பத்து நான்கு. உலகம் எங்கெங்கோ போனாலும் எங்கள் நிர்வாகத்துக்கு இரண்டு நகலில் கையெழுத்து வேண்டும் என்பதால் அவர் கடை பிழைத்திருந்தது. வலது முட்டிக்குள் ரத்தம் கசிந்து கசிந்து மூட்டு பாதி இறுகிவிட்டது. அடுத்த கசிவு தலைக்குள் வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றும், அதற்கு ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். நாற்பத்தொன்றின் சோதனைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

எழுபது நாள் தேடினேன். சூடாக்கினேன், உறையவைத்தேன், ஒரு நாள் முழுக்கக் குலுக்கும் எந்திரத்தில் வைத்தேன். உலகத்தில் எல்லா ஆய்வகமும் பயன்படுத்தும் எந்திரம் அது, தொட்டில் ஆட்டுவதுபோல் இதமாக ஆட்டும். நாற்பத்தொன்று தூங்கி எழுந்த குழந்தைமாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. அவளைப் போலவே.

எழுபத்தொன்றாவது நாள், விடுப்பு விண்ணப்பத்தை நகல் எடுக்க நிஜாமுதீன் கடைக்குப் போனேன். கடைக்குள் ஒரு சைக்கிள் நின்றது. புதிது இல்லை, ஆனால் துடைத்துத் துடைத்துப் பளபளத்தது.

"விழுந்தா ரத்தம் நிக்காதுன்னு வாப்பா சின்ன வயசுல தொடவே விடல சார்," என்றார். "இப்ப ஸ்டாண்டு போட்டு மேல உக்காந்து பெடலை மட்டும் மிதிச்சுப் பாத்துக்கறேன். கால் எட்டுது. மருந்து வந்துட்டா இறக்கிட வேண்டியதுதான்."

பிறகு, வீட்டில் தானே ஊசி போட்டுப் பழக அனுப்பியிருந்த பயிற்சிப் பெட்டியைக் காட்டினார். மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் நிரப்பிய குப்பிகள். ஒன்றை எடுத்து, இருமல் மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோல் மேலும் கீழுமாகப் பத்துத் தடவை குலுக்கினார். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. லேபிளில் பதினோரு மொழியில் குலுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறதே என்றேன். எங்கே என்று தேடினார். எறும்பு அளவு எழுத்து, அதன்மேல் அவர் கட்டைவிரல்.

"குலுக்குனாத்தானே சார் மருந்து சேரும்? எங்க வீட்டுல எந்த மருந்தையும் குலுக்காமக் குடிச்சதில்ல."

எங்கள் வீட்டிலும்தான். இந்த ஊரில் எந்த வீட்டில்தான் குலுக்காமல் குடிக்கிறார்கள்? அந்த மேலும் கீழுமான மணிக்கட்டு ஆட்டத்தைச் செய்யும் எந்திரம் எந்த ஆய்வகத்திலும் இல்லை. நாங்களும், எங்கள் இயந்திரங்களும், இத்தனை வருடமாகத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

விண்ணப்பத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். நாற்பத்தொன்றின் குப்பியை எடுத்து, நிஜாமுதீன் செய்ததுபோலவே பத்துக் குலுக்கு, இரண்டு தட்டு. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர். கருவியில் வைத்தேன். நூல் நூலாகத் திரிந்திருந்தது.

அந்த மாதிரி நூல்களை உடம்பு சும்மா விடாது. ஏற்கெனவே கொதித்துப்போயிருக்கும் நிஜாமுதீனின் உடம்பு நிச்சயமாக விடாது. முதல் ஊசியே கடைசி ஊசியாகிவிடும்.

அப்போது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது, நிஜாமுதீனை நினைத்துக் கலங்கினேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு வந்தது சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. இளவரசியின் புரதம் திரிந்துவிட்டது. என்னுடையதைப் போலவே. ஆள் இல்லாத அறையில் நான் மெல்ல ஒரு சுற்று ஆடினேன். மறுநாள் காலை மார்க் தொண்ணூற்றெட்டு.

தீர்ப்புப் படிவத்தைத் திறந்து 'நிற்காது' என்று எழுதினேன். பொய் இல்லை. சட்டப்படி சரி, விஞ்ஞானப்படி சரி. கட்டைவிரல் வைத்து உறுதி செய்வதுதான் பாக்கி.

கஷ்டம் என்னவென்றால், எனக்குத் திருத்தமும் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் என் பன்னிரண்டாம் எண் மருந்து இப்படித்தான் செத்தது. புரதத்தின் மேல்பரப்பில் எண்ணெய்ப் பசைபோல் ஒட்டும் ஓர் இடம் இருந்தால், குலுக்கலில் எழும் நுரையில் மாட்டிக்கொண்டு அவிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் புரதச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியை மாற்றினால் போதும் என்று நான் கண்டுபிடித்தபோது, பன்னிரண்டைக் கைவிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. நாற்பது பக்க அறிக்கை எழுதி நூலகத்தில் வைத்தேன். எடுத்துப் படிப்பவர்கள் கையெழுத்திட ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். யார் அதையெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அதே பசை நாற்பத்தொன்றிலும் இருந்தது. நான் திருத்தத்தை எழுதினால் நான்கு மாதத்தில் மருந்து தயார். எழுதாவிட்டால் இரண்டு வருடம். எழுதினால் அவளுக்குப் பரிசு நிச்சயம். எழுதாவிட்டால் அவளுக்கு வாழ்க்கையில் முதல் தோல்வி. நான் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

யோசிக்க நேரம் வேண்டும் என்று தேநீர் குடிக்க இறங்கினேன். நகல் எடுக்காமல் விட்டுவந்த விண்ணப்பத்தை வாங்கக் கடைக்குள் நுழைந்தேன். நிஜாமுதீன் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். பின்சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு மணியை ஒரு தடவை அடித்தார். இரண்டு வருடம் அந்தச் சக்கரம் அந்தரத்தில் சுற்றாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மேலே போய் 'நிற்காது' என்பதை அழித்துவிட்டு 'திருத்தினால் நிற்கும்' என்று எழுதினேன். திருத்தத்தை அரைப் பக்கத்தில் இணைத்தேன். நான் உத்தமன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளைத் திட்டிக்கொண்டேதான் தட்டச்சு செய்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழைகூட உண்டு.

எட்டு மாதம் கழித்து, நான்காவது ஊசிக்குப் பிறகு, மருத்துவர் அனுமதியோடு நிஜாமுதீன் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை, தரமணியின் காலித் தெரு. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியது நான். ஐம்பத்தொரு வயதில் ஓடினால் மூச்சு எங்கே வாங்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். பாதித் தெருவில் அவர் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தோம். ரத்தம் ஒரு கோடாக வந்து, தயங்கி, நின்றது.

"நின்னுருச்சு சார்," என்றார் நிஜாமுதீன். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த நிமிடம் இளவரசிமேல் எனக்கு ஒரு துளிகூட எரிச்சல் இல்லை. நல்லா இரு தாயே என்றுதான் தோன்றியது. அதுதான் வினையாகப் போயிற்று. திங்கள்கிழமை காலை என் மார்க் பதினொன்று.

ஞானதுரை அறைக்குள் என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதாய்யா மதிவாணா?"

இல்லை சார், மனசு நிறைந்திருக்கிறது என்றேன்.

"நிறைஞ்சிருந்தா நான் என்னய்யா பண்றது? முப்பது மார்க்குக்குக் கீழ போனா எதிராளி கிடையாது. அவங்க அடுத்த மருந்து குழந்தைகளுக்கு. அதைப் போய் இந்த முப்பத்தெட்டு மார்க்கை நம்பிக் குடுக்கச் சொல்றியா? பரிசு விழா முடியட்டும். அப்பவும் இப்படியே இருந்தா நாய் மருந்துப் பிரிவுக்குத்தான் போகணும்."

நாற்பத்தொன்றுக்காக இளவரசிக்குப் பரிசு கொடுக்கும் விழா ஒரு மாலை நேரத்தில் நடந்தது. நான் மூன்றாவது வரிசையில், நிஜமாகவே சந்தோஷமாக, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தேன். விதி அனுமதிக்காவிட்டாலும், 'பழைய நண்பர்' என்றாவது ஒரு வார்த்தை வரும் என்று சட்டைக்குள்ளே ஒரு சின்ன எதிர்பார்ப்பு. இளவரசி நன்றி சொல்ல ஆரம்பித்தாள். இயக்குநருக்கு, கணினிப் பிரிவுக்கு, கேன்டீனுக்கு, கோடையில் குளிர்சாதனத்தைப் பழுதுபார்த்த மெக்கானிக்குக்கு. மெக்கானிக் எழுந்து நின்று கும்பிட்டார். அத்தோடு அவள் இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை தொண்ணூற்று நான்கு. ஞானதுரை எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் நிஜாமுதீன் கடைக்குப் போனபோது, நகல் எடுத்த தாள்களைச் சுற்றிக் கொடுக்கப் பழைய காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். முப்பது வருடமாகப் பார்த்துப் பொருமிய கையெழுத்து அது. இளவரசியின் நன்றியுரை, முதல் வரைவு.

'முதல் நன்றி மதிவாணனுக்கு. இந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் நூலகத்தில் இருக்கும் பன்னிரண்டாம் எண் அறிக்கையை எடுத்துப் படித்த ஒரே ஆள் நான். மூன்று முறை படித்தேன்.' அதன்மேல் ஒரு கோடு. கீழே வேறு விதமாக அதே நன்றி, மறுபடி கோடு. நான்கு தடவை எழுதி நான்கு தடவை அடித்திருந்தாள். ஓரத்தில், தனக்குத்தானே எழுதிக்கொண்டதுபோல் பொடி எழுத்தில்: 'வேண்டாம். இதைக் கேட்டால் இவன் நல்லவனாகிவிடுவான். அப்புறம் குழந்தைகள் மருந்தை யார் பார்ப்பது? ஏழு வருஷம் பொறுத்தாயிற்று.'

"மேடம் அந்த ஸ்டூல்லதான் சார் உக்காந்து எழுதுனாங்க," என்றார் நிஜாமுதீன். "எழுதுறதும் அடிக்கறதுமா இருந்தாங்க. கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. டோனர் தூசு சேரலன்னு சொன்னாங்க."

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிறந்தநாள், கட்டுரைப் பிரதிகள், கார், மூடிய கதவுக்குப் பின்னால் மதியச் சாப்பாடு. எல்லாம் எதிராளிப் பதவி வந்த இந்த ஏழு வருடத்துக்குள். தன் எதிராளி யார் என்று ஊகிக்க அவளுக்குத் தகடு தேவைப்பட்டிருக்காது. நாற்பத்தொன்றில் ஓட்டை தேடிய எனக்கு, அவள் அவமதிப்பில் ஓர் ஓட்டை தேட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

மறுநாள் காலை லிஃப்டில் அவளும் நானும் மட்டும். அவள் கையில் டிபன் பை. உருளைக்கிழங்கு வறுவல் வாசனை லிஃப்ட் முழுக்க நிறைந்திருந்தது.

"என்ன மதி, உன் நாய் மருந்து இன்னும் போகுதா?" என்றாள் கதவைப் பார்த்தபடி.

அவள் விரல்கள் பையின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். குழந்தைகள் மருந்து நினைவுக்கு வந்தது.

"போகுது," என்றேன். "நாய்ங்களாவது நன்றியோட இருக்கு."

அவள் மூன்றாவது மாடியில் இறங்கித் தன் அறைக்கு நடந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

தகட்டின் முன்னால் நின்றேன். பயமாக இருந்தது. இவ்வளவு தெரிந்தபின் எப்படி வியர்க்கும்? பதினொன்றுகூட வராது, நாய்களிடமே போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு விரலை வைத்தேன். திரையில் அவள் முகம் வந்தது. ஏழு வருடம் ஒரு சிநேகிதத்தைப் பூட்டிவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், தினமும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவளின் முகம். நான் ஒரே ஒரு தடவை, அதுவும் எழுத்துப் பிழையோடு செய்ததை, இவள் நாள் தவறாமல், பிசிறில்லாமல் செய்திருக்கிறாள். இதிலும் என்னை முந்திவிட்டாள்.

தொண்ணூற்றேழு.